கழற்று, மாட்டு, மறுபடி கழற்று: 1942 ஏப்ரலில் நம் பக்கத்துக் கடலில் நடந்த போர்



தென்காசியிலிருந்து ஆகாய வழியாக ஒரு கோடு போட்டு அளந்து பாருங்கள். சென்னை சுமார் 560 கிலோமீட்டர் வரும். கொழும்பு சுமார் 360 கிலோமீட்டர்தான். மாநிலத் தலைநகரைவிட கொழும்பு நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது. நடுவில் கடல் கிடப்பதால் அது நமக்கு உறைப்பதில்லை. 1942ஆம் வருடம் ஏப்ரல் 5ஆம் தேதி காலையில் அந்தக் கொழும்பின்மேல் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். குண்டு போட்ட விமானங்கள் சாதாரண வேகத்தில் பறந்திருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் குற்றால மலைக்கு மேலே வந்திருக்கும்.

சாரல் காலத்தில் ஐந்தருவிச் சாலையில் என்னோடு நடக்க வருகிறவர்கள் எல்லோரும் என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள். ஒரு நாள், இரண்டாம் உலகப் போரின் போக்கை மாற்றிய ஆயுதம் எது என்று பேச்சு வந்தது. ஒருவர் அணுகுண்டு என்றார். இன்னொருவர் ரேடார் என்றார். மூன்றாமவர் ரஷ்ய டாங்கியை விட்டுக்கொடுக்கவில்லை. என் முறை வந்தபோது, “விமானத்தில் மாட்டின டார்பிடோவைக் கழற்றிக் குண்டை மாட்டு, அப்புறம் குண்டைக் கழற்றி டார்பிடோவை மாட்டு என்று ஓர் அதிகாரி போட்ட உத்தரவு” என்றேன். காலமெல்லாம் கோப்பு கட்டினவர் வேறு என்ன சொல்வார் என்று சிரித்தார்கள். நடையில் சொல்லி முடியாத அந்த விளக்கத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் சரித்திரப் பாடத்தில் உலகப் போர் என்றால் முதல் போருக்கு மார்ன் நதியும் வெர்தானும். இரண்டாம் போருக்கு 1940 தோல்வி, தெ கோல், ஸ்டாலின்கிராட், நார்மண்டி. பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த வங்கக் கடலில் ஒரு போர் நடந்ததாக எந்தப் பக்கத்திலும் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு தென்காசி வந்தபோதுதான் என் மாமியார் வாயால் முதல்முதலாக அதைக் கேட்டேன். அவருடைய அண்ணன் கொழும்பு புறக்கோட்டையில் கடை வைத்திருந்தவர். “கப்பல்ல எடம் கெடச்சதே பெருசு, மாப்பிள்ளை. கடையைப் பூட்டி, சாவிய மட்டும் இடுப்புல சொருகிக்கிட்டு தனுஷ்கோடி வழியா வந்துட்டாவ. அந்தச் சாவி ரொம்ப காலம் இந்த மாடத்துலதான் கெடந்துச்சு” என்பார். அந்தச் சாவி எதனால் தென்காசிக்கு வந்தது என்று தேடப் போய்த்தான் நான் இந்தச் சரித்திரத்துக்குள் நுழைந்தேன்.

போர் நம் வாசலுக்கு வந்த விதம்

1941 டிசம்பர் 7 அன்று ஜப்பானியக் கடற்படையின் ஆறு விமானந்தாங்கிக் கப்பல்கள் ஹவாய் தீவில் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கின. தளபதி நகுமோ. விமானங்களை வழிநடத்தியவர் புசிதா. மூன்று நாள் கழித்து, டிசம்பர் 10 அன்று, மலேயா கடலில் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ என்ற இரண்டு பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. பெரிய பீரங்கி வைத்த கப்பல்தான் கடலுக்கு ராஜா என்ற பழைய கணக்கு அன்றோடு முடிந்தது.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. நம் பக்கத்தில் கடையநல்லூரிலிருந்து சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் பிழைக்கப் போன குடும்பங்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். கடிதமும் மணியார்டரும் நின்றுபோய், போனவர் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாமல் மூன்றரை வருடம் காத்திருந்த வீடுகள் அவை. மார்ச் 8 அன்று ரங்கூன் போனது. மார்ச் 23 அன்று அந்தமானும் ஜப்பானியர் கைக்குப் போனது.

மிச்சம் இருந்தது இலங்கை. கொழும்பும் திருகோணமலையும் பிரிட்டிஷாருக்கு உயிர்நாடி. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு சூயஸுக்கும் இந்தியாவுக்கும் வரும் கப்பல்களும், பாரசீக வளைகுடாவின் எண்ணெயும் இந்தக் கடலை நம்பித்தான் இருந்தன. மலேயா போன பிறகு ரப்பருக்கும் இலங்கையை விட்டால் வேறு பெரிய இடம் இல்லை.

பிரிட்டிஷ் கீழைக் கடற்படையின் தளபதியாக வந்தவர் அட்மிரல் சோமர்வில். கையில் இருந்தவை ஐந்து போர்க்கப்பல்கள். அதில் நான்கு பழசு. விமானந்தாங்கி மூன்று, அதில் ‘ஹெர்மிஸ்’ சின்னது, வயதானது. மாலத்தீவின் தெற்கு ஓரத்தில் அட்டு பவளத் தீவில் ஒரு ரகசியத் துறைமுகம் வைத்திருந்தார். ஜப்பானியர்களுக்கு அது தெரியாது.

சோமர்வில்லிடம் இன்னொரு ஆயுதமும் இருந்தது. ஜப்பானியரின் ரகசியக் குறியீட்டுச் செய்திகளை உடைத்துப் படிக்கும் ஒரு குழு, சிங்கப்பூரிலிருந்து இடம் மாறிக் கொழும்பில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்தது. ஏப்ரல் முதல் தேதி வாக்கில் இலங்கை தாக்கப்படும் என்று அவர்கள் சொன்னார்கள். சோமர்வில் இலங்கைக்குத் தெற்கே போய்க் காத்திருந்தார். ஏப்ரல் 2 வரை ஒன்றும் வரவில்லை. தண்ணீரும் எண்ணெயும் தீர்ந்துகொண்டு வரவே, படையை அட்டுவுக்குத் திருப்பினார். ‘டார்செட்ஷையர்’, ‘கார்ன்வால்’ என்ற இரண்டு குரூசர்களைக் கொழும்புக்கும், ‘ஹெர்மிஸ்’ கப்பலைத் திருகோணமலைக்கும் அனுப்பிவிட்டார். தகவல் சரி, தேதிதான் தள்ளிப்போயிருந்தது. நகுமோ மார்ச் 26 அன்றுதான் செலிபீஸ் தீவிலிருந்து கிளம்பியிருந்தார்.

ஒரு தந்தி

ஏப்ரல் 4, சனிக்கிழமை. காலிக்குப் பக்கத்தில் கொக்கல என்ற ஏரியிலிருந்து கனடா நாட்டு விமானி லெனர்ட் பெர்ச்சால் ஒரு கடல்விமானத்தில் ரோந்து போனார். கேட்டலீனா என்ற வகை. தண்ணீரிலிருந்தே ஏறி, தண்ணீரிலேயே இறங்கும். வேகம் கம்மி, ஆனால் நாள் முழுக்கப் பறக்கும். அவர் இலங்கைக்கு வந்து இரண்டே நாள் ஆகியிருந்தது. மாலை நான்கு மணி வாக்கில், திரும்பலாம் என்று இருந்த நேரத்தில், தெற்கே தொடுவானத்தில் சில புள்ளிகள் தெரிந்தன. கிட்டத்தில் போய்ப் பார்த்தால் முழு ஜப்பானியப் படை.

கண்டதை உடனே வானொலித் தந்தியில் அடிக்கச் சொன்னார். அடித்துக்கொண்டிருக்கும்போதே ஜப்பானிய ஜீரோ விமானங்கள் சுட ஆரம்பித்துவிட்டன. கேட்டலீனா கடலில் விழுந்தது. ஒன்பது பேரில் ஆறு பேர் பிழைத்துப் போர்க்கைதியானார்கள். தன் தந்தி கரைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பெர்ச்சாலுக்கு அப்போது தெரியாது. அது போய்ச் சேர்ந்திருந்தது. கிளம்ப முடிந்த கப்பல்களையெல்லாம் அன்று ராத்திரிக்குள் கொழும்புத் துறைமுகத்திலிருந்து வெளியேற்றிவிட்டார்கள். ‘இலங்கையைக் காத்தவர்’ என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. போர் முடிந்து வீடு திரும்பி, 2004 வரை வாழ்ந்தார்.

மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. காலை ஏழரைக்கு மேல், புசிதாவின் தலைமையில் சுமார் 125 விமானங்கள் கொழும்பின்மேல் வந்தன. ரேடார் இருந்தும் அன்று அதிலிருந்து முன்னெச்சரிக்கை வரவில்லை. தலைக்கு மேல் எதிரி வந்த பிறகுதான் ரத்மலானையில் பிரிட்டிஷ் விமானிகள் ஓடிப்போய் ஏறினார்கள். குதிரைப் பந்தயத் திடலை விமானத் தளமாக மாற்றியிருந்ததை ஜப்பானியர் அறியாததால் அங்கிருந்தவை தப்பின. திருகோணமலையிலிருந்து டார்பிடோ சுமந்துகொண்டு வந்த ஆறு ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்கள் வழியில் மாட்டிக்கொண்டு ஆறுமே விழுந்தன. துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானம் அது. அதே வகைதான் முந்தின வருடம் ஜெர்மனியின் ‘பிஸ்மார்க்’ கப்பலை முடமாக்கியது. இங்கே ஜீரோவுக்கு முன்னால் நிற்க முடியவில்லை. துறைமுகத்தில் ‘டெனடோஸ்’ என்ற நாசகாரிக் கப்பலும் ‘ஹெக்டர்’ என்ற ஆயுதம் தாங்கிய வணிகக் கப்பலும் போயின. முந்தின நாள் தந்தி வராமல் துறைமுகம் நிறைந்திருந்தால் இன்னொரு பேர்ல் துறைமுகம் ஆகியிருக்கும்.

முதல் உத்தரவு மாற்றம்

இனிதான் என் விஷயம் வருகிறது. அதற்கு முன்னால் ஆயுதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

ஜப்பானிய விமானந்தாங்கியில் இருந்த மூன்று பேர் அமரும் தாக்குதல் விமானம் வயிற்றுக்கடியில் டார்பிடோவும் சுமக்கும், குண்டும் சுமக்கும்; ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான். டார்பிடோ சுமார் 800 கிலோ எடை. தண்ணீருக்குள் ஓடிப் போய்க் கப்பலின் அடிவயிற்றைக் கிழிக்கும். தரையில் உள்ள இலக்குக்கு அது உதவாது. துறைமுகத்தையோ விமானத் தளத்தையோ தாக்கத் தரைக் குண்டுதான் வேண்டும். ஒன்றைக் கழற்றி மற்றதை மாட்டுவது லேசான வேலை இல்லை. பிடித்துத் தாங்கும் இரும்புச் சட்டமே வேறு. அதையும் மாற்றவேண்டும். டார்பிடோவை ஏற்றி இறக்கும் வண்டிகளோ எண்ணிக்கையில் கம்மி. ஆடுகிற கப்பலின் கீழ்த்தளத்தில், புழுக்கத்தில், ஆட்கள் மூச்சு வாங்கிச் செய்தாலும் ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் ஆகிவிடும்.

நகுமோ கொழும்புக்குப் பாதிப் படையை அனுப்பிவிட்டு, மீதியை டார்பிடோ மாட்டிக் கப்பலிலேயே வைத்திருந்தார். பிரிட்டிஷ் கடற்படை எங்காவது தென்பட்டால் அதை அடிப்பதற்கு. சரியான ஏற்பாடுதான். ஆனால் கொழும்பிலிருந்து புசிதா, இன்னொரு தரம் தாக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். நகுமோ உத்தரவிட்டார்: டார்பிடோவைக் கழற்று, தரைக் குண்டை மாட்டு. வேலை நடந்துகொண்டிருக்கும்போது ‘டோனே’ என்ற குரூசரிலிருந்து போன வேவு விமானம், தெற்கே இரண்டு குரூசர்கள் போவதாகச் செய்தி கொடுத்தது. உடனே திருத்த உத்தரவு: குண்டைக் கழற்று, டார்பிடோவை மாட்டு.

அவை தயாராவதற்குள் நேரம் ஓடவே, பாய்ச்சல் குண்டு விமானங்களை மட்டும் முதலில் அனுப்பினார்கள். உச்சியிலிருந்து ஏறக்குறைய நெட்டுக்குத்தாகக் கீழே பாய்ந்து, கப்பலுக்குக் கிட்டத்தில் குண்டை விட்டுவிட்டு மேலே ஏறும் வகை அது. 53 விமானங்கள் போயின. அகப்பட்டவை, சோமர்வில்லோடு சேர்ந்துகொள்ள ஓடிக்கொண்டிருந்த ‘டார்செட்ஷையர்’, ‘கார்ன்வால்’ இரண்டும்தான். மேலே காவலுக்கு ஒரு விமானம்கூட இல்லை. இருபது நிமிஷத்துக்குள் இரண்டும் மூழ்கின. 424 பேர் இறந்தார்கள். 1,122 பேர் வெயிலிலும் எண்ணெய்ப் படலத்திலும் சுமார் 30 மணி நேரம் மிதந்து பிழைத்தார்கள்.

ஜப்பானியருக்கு அது பெரிய வெற்றி. ஆனால் அந்தப் பிற்பகலில் சோமர்வில்லின் இரண்டு நல்ல விமானந்தாங்கிகளும் இருநூறு மைலுக்குள்தான் இருந்தன. ஜப்பானியக் கப்பல்களின் கீழ்த்தளங்களில் டார்பிடோவும் குண்டும் இடம் மாறிக்கொண்டிருந்த நேரத்தில் பத்துப் பன்னிரண்டு விமானம் வந்து விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அன்று யாரும் வரவில்லை. அதனால் அந்தக் கேள்வியும் எழவில்லை.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் இதே மாதிரி ஒன்று நடந்தது. வெள்ள நிவாரணப் பட்டியலைக் காலையில் தெருவாரியாகத் தயாரிக்கச் சொன்னார்கள். மத்தியானம் ரேஷன் கார்டு எண் வரிசைக்கு மாற்றச் சொன்னார்கள். சாயங்காலம் மறுபடி தெருவாரியாக. அதற்குள் மழை நின்றுவிட்டது, பட்டியல் யாருக்கும் தேவைப்படவில்லை. அதனால் அந்தக் குளறுபடி யார் கண்ணிலும் படவில்லை, எந்தக் கோப்பிலும் ஏறவில்லை. மறுவருடம் நிஜமாகவே வெள்ளம் வந்தது. அதே குளறுபடி அப்படியே நடந்தது, ஜனங்கள் வாசலில் நின்றார்கள். நகுமோவின் கதையைப் படித்தபோது எனக்கு அந்த இரண்டு வருடமும் ஞாபகத்துக்கு வந்தன.

ஆள் பார்த்தால்தான் உண்டு

நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9 அன்று, நகுமோ திருகோணமலைக்கு வந்தார். இந்த முறை ரேடார் வேலை செய்தது. சுமார் 90 மைல் தூரத்திலேயே விமானங்கள் வருவதைக் காட்டிவிட்டது. பிரிட்டிஷ் விமானங்கள் முன்கூட்டியே மேலே ஏறிக் காத்திருந்தன. துறைமுகத்துக்கும் சீனன்குடா விமானத் தளத்துக்கும் பெருத்த சேதம்தான். ஆனாலும் கொழும்பில் போல எழுந்து ஓடும் நிலை இல்லை.

‘ஹெர்மிஸ்’ கப்பலை முதல் நாள் ராத்திரியே துறைமுகத்தை விட்டு அனுப்பியிருந்தார்கள். உலகத்திலேயே விமானந்தாங்கியாகவே வரைந்து கட்ட ஆரம்பித்த முதல் கப்பல் அது. அன்று அதில் ஒரு விமானம்கூட இல்லை. மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய வேவு விமானத்தின் கண்ணில் பட்டது. பாய்ச்சல் விமானங்கள் வந்து சில நிமிஷங்களில் மூழ்கடித்துவிட்டன. 307 பேர் போனார்கள். கூடப் போன ஆஸ்திரேலிய நாசகாரி ‘வாம்பயர்’ கப்பலும் மூழ்கியது. பக்கத்தில் வந்துகொண்டிருந்த ‘வீட்டா’ என்ற மருத்துவக் கப்பல்தான் உயிரோடு மிதந்தவர்களை அள்ளிக்கொண்டு போனது.

அதே காலையில் நடந்த இன்னொரு விஷயத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். கொழும்புப் பந்தயத் திடலிலிருந்து பிளென்ஹைம் என்ற இரட்டை என்ஜின் குண்டுவீச்சு விமானங்கள் பதினொன்று கிளம்பின. இரண்டு கோளாறாகித் திரும்பிவிட்டன. ஒன்பது விமானங்கள் நகுமோவின் படைக்கு நேர் மேலே போய்விட்டன. நகுமோ நின்றிருந்த ‘அகாகி’ கப்பலைச் சுற்றிக் குண்டுகள் விழுந்து தண்ணீர் தூண் தூணாக எழும்பிய பிறகுதான் அங்கே பல பேருக்கு எதிரி வந்ததே தெரிந்தது. ஒரு குண்டுகூடக் கப்பலில் படவில்லை. ஒன்பதில் ஐந்து விமானங்கள் வீடு திரும்பவில்லை. இங்கேயும் கணக்குப்படி ஜப்பானியருக்குத்தான் ஜெயம்.

ஆனால் ஒன்பது பெரிய விமானங்கள் தலைக்கு மேல் வரும்வரை எப்படித் தெரியாமல் போனது? அந்தக் கப்பல்களில் ரேடார் கிடையாது. மேல்தளத்தில் தொலைநோக்கியோடு நிற்கும் ஆள் பார்த்தால்தான் உண்டு. மேகம் மறைத்தால் போச்சு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எண்பதுகளில் தெற்குச் சீமையில் கொழும்பு ரூபவாஹினி தெரியவேண்டும் என்று மொட்டை மாடியில் மூங்கில் கழி நட்டு, மீன் முள் மாதிரி ஒரு அலுமினிய ஆன்டெனாவைக் கட்டுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? “இப்பத் தெரியுதா?” என்று மேலேயிருந்து ஒருவர் கத்த, “இன்னும் கொஞ்சம் கிழக்கே திருப்பு” என்று கீழேயிருந்து ஒருவர் கத்துவார். அதன் பெயர் யாகி ஆன்டெனா. யாகி, உடா என்ற இரண்டு ஜப்பானியப் பேராசிரியர்கள் 1920களில் கண்டுபிடித்தது. மற்ற நாடுகள் அதை ரேடாரில் பயன்படுத்தின. ஜப்பானிய ராணுவம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. சிங்கப்பூரைப் பிடித்தபோது ஒரு பிரிட்டிஷ் ரேடார் குறிப்பேடு ஜப்பானியர் கையில் கிடைத்தது. அதில் ‘யாகி’ என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. அது என்ன என்று புரியாமல் கைதியைக் கேட்டார்கள். அது உங்கள் நாட்டுக்காரர் பெயர் என்று கைதி சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள். தன் வீட்டுக் கண்டுபிடிப்பைத் தான் பயன்படுத்தாமல் எதிரி கையில் பார்த்த கதை.

சென்னையும் மடகாஸ்கரும்

இதே வாரத்தில் ஒசாவா என்ற இன்னொரு ஜப்பானியத் தளபதி வங்கக் கடலில் புகுந்து 23 வணிகக் கப்பல்களை மூழ்கடித்தார். ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னையில் பீதி. ஜப்பான்காரன் கரையிறங்கப் போகிறான் என்று அரசாங்கமே ஊரைக் காலி செய்யச் சொல்லிவிட்டது. அலுவலகங்கள் உள்ளூர்களுக்கு மூட்டை கட்டின. குண்டு விழுந்தால் கூண்டு உடைந்து வெளியே வந்துவிடும் என்று மிருகக்காட்சி சாலையின் சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். கொழும்பிலிருந்தும் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வெளியேறினார்கள். இந்தியாவுக்குத் திரும்பியவர்கள் அதில் நிறைய. என் மாமியாரின் அண்ணனும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

சோமர்வில் மீதிக் கப்பல்களைக் காப்பாற்றிக்கொண்டு ஆப்பிரிக்கக் கரைக்கு, மொம்பாசாவுக்குப் பக்கத்தில் கிளிண்டினிக்குப் போனார். அடுத்து ஜப்பானியர் மடகாஸ்கரில் தளம் போட்டுவிடுவார்களோ என்று பிரிட்டிஷாருக்குக் கவலை. மடகாஸ்கர் பிரெஞ்சுக்காரர்களுடையது. எங்கள் காரைக்காலும் பிரெஞ்சுக்காரர்களுடையதுதான். ஆனால் புதுச்சேரி ஆளுநர் போன்வென் 1940 செப்டம்பரிலேயே தெ கோல் பக்கம் சேர்ந்துவிட்டார். மடகாஸ்கர் பெத்தேன் பக்கம், அதாவது ஜெர்மனியிடம் பணிந்த விஷி அரசின் பக்கம் நின்றது. ஒரே கொடிக்குக் கீழே இருந்த இரண்டு ஊர்கள் எதிரெதிர் அணியில். 1942 மே 5 அன்று பிரிட்டிஷார் மடகாஸ்கரின் வடமுனையில் தியேகோ சுவாரேஸ் துறைமுகத்தில் இறங்கிப் பிடித்தார்கள். பயம் வீண் இல்லை. அந்த மாதக் கடைசியில் ஜப்பானியரின் குட்டி நீர்மூழ்கிகள் அங்கே வந்து ‘ராமிலிஸ்’ என்ற போர்க்கப்பலைத் தாக்கின.

இரண்டு மாதம் கழித்து

நகுமோவோ வந்த வேலை முடிந்தது என்று ஏப்ரலிலேயே ஜப்பானுக்குத் திரும்பிவிட்டார். ஐந்து விமானந்தாங்கியில் ஒன்றுக்குக்கூடக் கீறல் இல்லை. மே மாதத் தொடக்கத்தில் பவளக் கடல் போரில் ‘ஷோகாகு’ அடிபட்டது, ‘சுயிகாகு’ விமானங்களை இழந்தது. இரண்டும் அடுத்த வேலைக்கு வர முடியவில்லை. பேர்ல் துறைமுகத்துக்கு ஆறு, இலங்கைக்கு ஐந்து, மிட்வே தீவுக்கு நான்கு. எண்ணிக்கை இப்படித்தான் தேய்ந்தது.

ஜூன் 4, 1942. பசிபிக் நடுவில் மிட்வே. காலையில் பாதிப் படை தீவைத் தாக்கப் போனது. மீதி, எதிரிக் கப்பல் வந்தால் அடிக்க ஆயுதம் மாட்டித் தயாராக இருந்தது. தீவைத் தாக்கப் போனவர், இன்னொரு தாக்குதல் தேவை என்று செய்தி அனுப்பினார். 7.15க்கு நகுமோ உத்தரவிட்டார்: டார்பிடோவைக் கழற்று, தரைக் குண்டை மாட்டு. அரைமணி நேரத்தில் வேவு விமானத்திலிருந்து செய்தி: எதிரிக் கப்பல்கள் தென்படுகின்றன. செய்தி அனுப்பிய விமானம் எந்தக் கப்பலுடையது தெரியுமா? அதே ‘டோனே’. அன்று அது அரைமணி நேரம் தாமதமாகக் கிளம்பியிருந்தது. 7.45க்குத் திருத்த உத்தரவு: மாற்றுவதை நிறுத்து, டார்பிடோவை அப்படியே வை.

கொழும்புக்குத் தெற்கே நடந்தது ஒரு வரி மாறாமல் மறுபடி நடந்தது. ஒரே வித்தியாசம், இந்த முறை எதிரி வந்தான். ஜப்பானியக் காவல் விமானங்கள் கடல்மட்டத்தில் வந்த அமெரிக்க டார்பிடோ விமானங்களைத் துரத்திக்கொண்டிருந்தபோது, பத்தரைக்குச் சற்று முன்னால் மேலிருந்து அமெரிக்கப் பாய்ச்சல் குண்டு விமானங்கள் விழுந்தன. சொல்வதற்கு ரேடார் இல்லை. ஆள் பார்த்தபோது நேரம் கடந்துவிட்டது. ‘அகாகி’, ‘காகா’, ‘சோர்யு’ மூன்றும் சில நிமிஷத்தில் தீப்பிடித்தன. கீழ்த்தளத்தில் எண்ணெய் நிரப்பிய விமானங்களும், பாதுகாப்பு அறைக்குத் திரும்பாத குண்டுகளும் டார்பிடோக்களும் கிடந்தன. ‘அகாகி’யில் நேராகப் பட்டது ஒரே ஒரு குண்டு, கப்பலை முடிக்க அது போதுமானதாக இருந்தது. பிற்பகலில் ‘ஹிர்யு’வும் அடிபட்டது. இலங்கைக்கு வந்த ஐந்தில் மூன்று மிட்வேயில் போயின. மற்ற இரண்டும் 1944இல் போயின.

மிட்வே தோல்விக்கு இது ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்கர்கள் குறியீட்டை உடைத்து முன்கூட்டியே தெரிந்துகொண்டு காத்திருந்தார்கள். அவர்கள் விமானிகளின் துணிச்சலும் இருந்தது, அதிர்ஷ்டமும் இருந்தது. ஆனால் தரையை அடிப்பதா கப்பலை அடிப்பதா என்று ஒரே படையை இரண்டு வேலைக்கு வைத்தால் என்ன ஆகும் என்பதை ஏப்ரல் 5ஆம் தேதி காட்டிக்கொடுத்துவிட்டது. வானத்தைப் பார்க்க வெறும் கண் போதாது என்பதை ஏப்ரல் 9ஆம் தேதி ஒன்பது விமானங்கள் காட்டிக்கொடுத்தன. இரண்டு நாளும் ஜெயித்துவிட்டதால் யாரும் அதைக் குறையாக எழுதி மேலே அனுப்பித் தீர்வு காணவில்லை. ஜெயித்த விவகாரத்தின் கோப்பை யாரும் மறுபடி பிரித்துப் பார்ப்பதில்லை என்பதை நான் அரசாங்க வேலையில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தோற்றவர்களுக்கு அந்த வசதி இல்லை. கொழும்பில் ஞாயிற்றுக்கிழமை கோட்டைவிட்டவர்கள், வியாழக்கிழமை திருகோணமலையில் ரேடார் சொன்னபடி விமானங்களை மேலே ஏற்றிவைத்தார்கள். ஜப்பானிய விமானந்தாங்கிப் படை அப்புறம் இந்தக் கடலுக்கு இவ்வளவு பலத்தோடு வரவே இல்லை. 1944 ஏப்ரலில் மவுன்ட்பேட்டன் தன் தலைமையகத்தையே கண்டிக்குக் கொண்டுவந்து வைக்கும் அளவுக்கு இலங்கை பத்திரமான இடமாகிவிட்டது.

பிரெஞ்சுப் பாடப் புத்தகத்திலும் தமிழ்நாட்டுப் பாடப் புத்தகத்திலும் மிட்வேக்கு ஒரு வரி இருக்கும். அதற்கு முன்னோட்டம் நம் வாசலில், மட்டக்களப்புக்கும் கொழும்புக்கும் பக்கத்துக் கடலில் நடந்தது என்பதற்கு இடம் இருக்காது. அதில் செத்தவர்களுக்கும், பூட்டின கடையை விட்டு ஓடிவந்தவர்களுக்கும் அது முன்னோட்டம் இல்லை. அவர்களுக்கு அதுதான் போர்.

கடையநல்லூர், செங்கோட்டை, புளியங்குடி, சங்கரன்கோவில் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1942இல் கொழும்பிலிருந்தோ, சிங்கப்பூர், ரங்கூனிலிருந்தோ உங்கள் வீட்டுப் பெரியவர்கள் திரும்பி வந்த கதை, அல்லது திரும்பாமல் போன கதை, ஏதாவது காதில் விழுந்திருந்தால் எழுதி அனுப்புங்கள். சொன்னவர்கள் பலர் போய்விட்டார்கள். கேட்டவர்களான நமக்கும் வயதாகிவிட்டது. இப்போதே எழுதி வைத்துவிடுவோம்.